கப்பலோட்டியவரும் கம்பெனிக் காகிதமும்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)

மலர்க்குழுவில் நான் வ.உ.சி.யைப் பற்றி எழுதுகிறேன் என்று பெயர் கொடுத்தபோது சிரித்துவிட்டார்கள். அவரைப் பற்றி இனிமேல் எழுத என்ன இருக்கிறது, கப்பல் ஓட்டினார், செக்கு இழுத்தார், ஐந்தாம் வகுப்பிலேயே படித்தாச்சே என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், நண்பர்களே! 1961-ல் வந்த கப்பலோட்டிய தமிழன் படத்தை டி.வி.யில் போடும்போதெல்லாம் எங்கள் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்ப்போம். கண்ணில் தண்ணீர் வரும். படம் முடிந்ததும் எழுந்து சாப்பிடப் போய்விடுவோம். ஆனால் ஒரு கேள்வி மட்டும் சின்ன வயதிலிருந்தே எனக்குள் உறுத்திக்கொண்டிருந்தது. அவர் ஜெயிலுக்குப் போனார், சரி. கப்பல் எங்கே போச்சு? கப்பலை யாரும் ஜெயிலில் போடவில்லையே!

அந்தக் கேள்விக்கு விடை தேடி லைப்ரரியில் உட்கார்ந்தபோது தெரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். தியாகத்தைப் பற்றி எழுத என்னைவிடப் பெரியவர்கள் இருக்கிறார்கள். ஒரு புதுக் கம்பெனியைத் தொடங்கி, கடல் தாண்டிப் போய்த் தொழில் செய்ய முயன்ற ஒரு மனிதராக அவரைப் பார்க்க ஆசைப்பட்டேன்.

வ.உ.சிதம்பரம் பிள்ளை 1872 செப்டம்பர் 5-ஆம் தேதி ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். அப்பா உலகநாத பிள்ளை வக்கீல், அம்மா பரமாயி அம்மாள். அவரும் சட்டம் படித்து வக்கீலானார். ஒட்டப்பிடாரத்தில் தொழில் செய்துவிட்டு 1900-ல் தூத்துக்குடிக்கு வந்தார். வசதியான குடும்பம், நல்ல வருமானம், ஊரில் மரியாதை. சும்மா இருந்திருந்தால் சுகமாக இருந்திருப்பார்.

1905-ல் வங்காளத்தைப் பிரித்ததும் நாடு முழுக்கச் சுதேசி இயக்கம் கிளம்பியது. அந்நியத் துணியை வாங்காதே, எரி என்று பல ஊர்களில் கிளம்பினார்கள். தூத்துக்குடிக்காரரின் கண்ணில் வேறொன்று பட்டது. துறைமுகத்தில் நின்று பார்த்தால் எது தெரியும்? கப்பல்தான் தெரியும். அந்தக் கப்பல் யாருடையது?

பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. சுருக்கமாக பி.ஐ. கம்பெனி. மக்கின்னன் என்ற ஸ்காட்லாந்து வியாபாரி 1856-ல் தொடங்கியது. அரசாங்கத் தபாலைச் சுமக்கும் ஒப்பந்தம் கையில் இருந்ததால் கப்பல் காலியாக ஓடினாலும் அவர்களுக்குப் பணம் வந்துகொண்டிருந்தது. தூத்துக்குடியில் அவர்களுக்கு ஏஜெண்டு ஹார்வி கம்பெனி. இதே ஹார்விதான் தூத்துக்குடி கோரல் மில்லின் முதலாளியும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஓர் இரவுப் பயணம்தான். பக்கம் என்றாலும் அது வேறு ஆட்சி. இலங்கை அப்போது இந்திய அரசாங்கத்தின் கீழ் இல்லை. தனிக் காலனி, தனிக் கவர்னர், தனிச் சுங்கம். அரிசி மூட்டையிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் கூலியாட்கள் வரை எல்லாம் அந்தக் கடல் வழியாகத்தான் போயாக வேண்டும். சரக்கு நம்முடையது, பயணி நம் ஆள், வாங்குகிறவனும் பாதி நம் ஆள். நடுவில் இருக்கும் கப்பல் மட்டும் அவர்களுடையது. அவர்கள் சொன்னதுதான் கட்டணம்.

இங்கேதான் வ.உ.சி.யின் மூளை எனக்குப் பிரமிப்பாக இருக்கிறது. கையில் இருந்த பணத்தைப் போட்டு நாலு தோணி வாங்கி ஓட்டவில்லை. சட்டப்படி ஒரு கம்பெனி பதிவு செய்தார். 1906 அக்டோபர் 16-ஆம் தேதி சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய், ஆக 40,000 பங்குகள். பங்கு வாங்கும் உரிமை ஆசியாக்காரர்களுக்கு மட்டும். வெள்ளைக்காரன் பின்வாசல் வழியாகப் பங்குகளை வாங்கிக் கம்பெனியைப் பிடித்துவிடக் கூடாது என்பதற்கு இது நல்ல பூட்டு என்று எனக்குத் தோன்றுகிறது. கம்பெனியின் நோக்கங்களில் இன்னொன்றையும் எழுதி வைத்தார்கள். இந்தியர், இலங்கையர் முதலிய ஆசிய நாட்டவருக்குக் கப்பல் நடத்தவும் கப்பல் கட்டவும் கற்றுக்கொடுக்க வேண்டும், அதற்குப் பள்ளியும் பட்டறையும் வைக்க வேண்டும் என்று! டிப்ளமோ படிக்கிற நமக்காக 1906-லேயே ஒருவர் யோசித்திருக்கிறார் என்று படித்தபோது சிலிர்த்துப் போனேன்.

பணம் எப்படி வந்தது? பாண்டித்துரைத் தேவர் கம்பெனித் தலைவரானார். பாலவநத்தம் ஜமீன்தார், மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்டவர். அவர் பெயர் தலைப்பில் இருந்தால் ஊரில் நம்பிக்கை வரும். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்ற வணிகர் ஒருவரே 8,000 பங்குகளை 2 லட்சம் ரூபாய்க்கு வாங்கினார். மொத்த மூலதனத்தில் ஐந்தில் ஒரு பங்கு! அவர்தான் செயலாளர். சேலம் விஜயராகவாச்சாரியார் போன்ற பெரிய வக்கீல்கள் சட்ட ஆலோசகர்கள். சென்னையில் பாரதியார் தன் இந்தியா பத்திரிகையில் இந்தக் கம்பெனிக்காக எழுதிக்கொண்டே இருந்தார். ஜமீன்தார், முஸ்லிம் வணிகர், பிராமண வக்கீல், பத்திரிகைக்காரர், சின்னக் கடைக்காரர் எல்லோரும் ஒரே பங்குப் பதிவேட்டில்! வக்கீல் தொழிலிலும் சுதேசிக் கூட்டங்களிலும் சேர்த்த பழக்கம் அவருக்கு எத்தனை கதவுகளைத் திறந்தது பாருங்கள்.

இத்தனைக்கும் கம்பெனியில் வ.உ.சி.யின் பதவி என்ன தெரியுமா? உதவிச் செயலாளர். நான் இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். தலைவர் இல்லை, செயலாளர் இல்லை, உதவிச் செயலாளர்தான். ஓடியாடியது அவர், பங்கு விற்றது அவர், ஜனங்கள் நம்பியதும் அவரை. காகிதத்தில் அவருக்கு மேலே ஒரு வரிசையே இருந்தது.

முதலில் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாயைச் சேர்ந்த ஷா லைன் என்ற கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். பி.ஐ. கம்பெனி விடுமா? தங்களோடு போட்டி போட முடியாது என்று தெரிந்ததும் கப்பல் கொடுத்தவனை நெருக்கியது. ஷா லைன் வாடகையை முறித்துக்கொண்டது. கூட்டிய ஜனங்கள் கரையில் நிற்கிறார்கள், கப்பல் இல்லை! அவசரத்துக்குக் கொழும்பிலேயே ஒரு கப்பலை வாடகைக்குப் பிடித்து ஓட்டினார் வ.உ.சி. அக்கரையில் ஆள்பழக்கம் இல்லாமல் அது நடந்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

வாடகைக் கப்பல் என்றைக்கும் அடுத்தவன் கயிற்றில்தான் என்று புரிந்ததும் சொந்தக் கப்பல் வாங்கப் பம்பாய்க்குப் புறப்பட்டார். கப்பலோடு வருவேன், இல்லாவிட்டால் கடலில் விழுந்து சாவேன் என்று சொல்லிவிட்டுப் போனாராம். மகனுக்கு உடம்பு சரியில்லை, மனைவி கர்ப்பிணி. அந்த நிலையில் விட்டுவிட்டுப் போனதாக அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அதைப் படித்துவிட்டு எங்கள் அம்மா அந்த வீட்டம்மாவைத்தான் கும்பிட வேண்டும் என்று சொன்னார். எனக்கும் அப்படித்தான் படுகிறது. மீனாட்சி அம்மாளைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.

பம்பாயில் திலகரின் உதவி கிடைத்தது. 1907 மே மாதம் எஸ்.எஸ். காலியா தூத்துக்குடி வந்தது. பிரான்சிலிருந்து வாங்கிய கப்பல். அதன்பின் எஸ்.எஸ். லாவோ. ஒவ்வொன்றிலும் 42 முதல் வகுப்பு, 24 இரண்டாம் வகுப்பு, 1,300 சாதாரணப் பயணிகள் போகலாம். 4,000 மூட்டை ஏற்றலாம். ஊரே கரையில் கூடியது. பாரதியார் பத்திரிகையில் மகிழ்ந்து கொண்டாடினார்.

அப்புறம் ஆரம்பித்தது கட்டணப் போர். பி.ஐ. கம்பெனி ஆளுக்கு ஒரு ரூபாய் என்று இறக்கியது. சுதேசிக் கம்பெனி அரை ரூபாய், அதாவது எட்டணா என்றது. பி.ஐ. இலவசமாகவே ஏற்றிக்கொண்டு போகிறோம், கூடவே ஒரு குடையும் தருகிறோம் என்றது! நாம் பஸ்ஸில் ஒரு ரூபாய் சில்லறைக்குச் சண்டை போடுகிறோம். அங்கே ஏழை ஜனம் குடையை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு எட்டணா கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறியது. இதை வெறும் தேசபக்தி என்று மட்டும் நான் நினைக்கவில்லை. பங்கு வாங்கியவர் வீட்டு மாப்பிள்ளை, பங்கு வாங்கியவர் கடைக் கணக்குப்பிள்ளை, அந்தக் கடையில் கடன் வைத்திருக்கிறவர் என்று ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். வெள்ளைக்காரன் கப்பலில் ஏறினால் மறுநாள் யார் முகத்தில் விழிப்பது?

ஆனால் எட்டணாவில் கப்பல் எத்தனை நாள் ஓடும்? நிலக்கரி இலவசமா? மாலுமிச் சம்பளம் இலவசமா? இதற்குப் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஜாம்ஷெட்ஜி டாடா பம்பாயிலிருந்து சீனா, ஜப்பான் பக்கம் கப்பல் விட்டபோது பி அண்டு ஓ கம்பெனி இதே கட்டண வெட்டு வேலையைச் செய்துதான் அவரை விரட்டியது. பெரிய கம்பெனி நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டு காத்திருக்கும். சின்னக் கம்பெனிக்குக் காத்திருக்கத் தெம்பு கிடையாது. டாடாவாலேயே முடியாதது!

அரசாங்கமும் நடுநிலையாக இல்லை. துறைமுக அதிகாரிகள், சுங்க அதிகாரிகள், சுகாதார டாக்டர்கள் எல்லோரும் சுதேசிக் கப்பலில் போகிறவர்களுக்குத்தான் தொந்தரவு கொடுத்தார்கள் என்று புகார் எழுந்தது. வெளிநாட்டுக்குக் கப்பல் விட வேண்டுமென்றால் கப்பல் மட்டும் போதாது, ஒவ்வொரு முத்திரைக்கும் ஒரு மேஜையைத் தாண்ட வேண்டும். அந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவனும் பி.ஐ. முதலாளியும் ஒரே கிளப்பில் சாப்பிடுகிறவர்கள். பழக்கவழக்க பலம் நம்மிடம் மட்டுமா இருந்தது? அவர்களிடமும் இருந்தது. நம்முடையது கடைத்தெருவில், அவர்களுடையது கலெக்டர் ஆபீஸில்.

1908 பிப்ரவரி 27-ஆம் தேதி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பின்னால் நின்றவர்கள் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும். ஞாபகம் இருக்கிறதா, மில் ஹார்வியுடையது, பி.ஐ. ஏஜெண்டும் ஹார்வி. மில்லில் அடித்தால் கப்பல் ஆபீஸில் வலிக்கும்! ஒன்பது நாளில் தொழிலாளர்கள் ஜெயித்தார்கள். கூலி உயர்ந்தது, ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தது.

ஊர் கொண்டாடியது. கம்பெனி டைரக்டர்கள் கொண்டாடவில்லை. பணம் போட்டவர்களுக்கு வேறு பயம். வ.உ.சி. மேடையில் பேசப் பேச அரசாங்கம் கம்பெனியைத்தான் நெருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். அரசியலை விட்டுவிட்டுக் கப்பலை மட்டும் பார்க்கும்படி நெருக்கினார்கள். அவர் கேட்கவில்லை. இந்த இடத்தில் டைரக்டர்களைத் திட்டுவது சுலபம். நானும் முதலில் திட்டினேன். ஆனால் யோசித்தால், 25 ரூபாய் போட்ட ஒரு சின்னக் கடைக்காரருக்கும் அவர்கள்தானே பதில் சொல்ல வேண்டும்? மறுபக்கம், அந்தக் கடைக்காரர் 25 ரூபாயைப் போட்டதே மேடையில் பேசிய அந்த மனிதருக்காகத்தானே? அரசியலை எடுத்துவிட்டால் சுதேசிக் கப்பலில் எட்டணா கொடுத்து ஏறுகிறவன் எவன்? இந்த முடிச்சை எனக்கு இன்னும் அவிழ்க்கத் தெரியவில்லை.

மார்ச் 12-ஆம் தேதி அவரையும் சிவாவையும் கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலியில் கலவரம், துப்பாக்கிச் சூடு, நாலு உயிர் போனது. தூத்துக்குடியில் கடைகள் அடைத்தன. ஜூலை 7-ஆம் தேதி நீதிபதி பின்ஹே இரண்டு ஆயுள் தண்டனை விதித்தார், மொத்தம் 40 வருஷம். மேல்முறையீட்டில் குறைந்தது. கோயம்புத்தூர் ஜெயிலில் மாடு இழுக்கிற செக்கை இழுத்தார். பிறகு கண்ணூர் ஜெயில். இதெல்லாம் நீங்கள் அறிந்ததுதான்.

அவர் உள்ளே இருந்தபோதே கம்பெனி சாய்ந்தது. 1911-ல் கலைத்துவிட்டார்கள். காலியா கப்பலை விற்றார்கள். வாங்கியது யார் தெரியுமா? பி.ஐ. கம்பெனி! எந்தக் கம்பெனியைக் கடலிலிருந்து விரட்ட வாங்கினாரோ, அந்தக் கம்பெனிக்கே! என் சின்ன வயதுக் கேள்விக்கு இதுதான் விடை. பதில் கிடைத்த அன்றைக்கு லைப்ரரியில் அடுத்த பக்கம் புரட்ட மனசு வரவில்லை.

இந்த இடத்தில் சொந்தக் கதை ஒன்று சொல்லிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் அப்பா உப்பளத்தில் வேலை செய்கிறவர். நான் ஆறாவது படிக்கும்போது அப்பாவும் இன்னும் எட்டுப் பேரும் சேர்ந்து ஒரு பழைய சரக்கு வேன் வாங்கினார்கள். ஆளுக்குப் பன்னிரண்டாயிரம். ஆர்.சி. புக் ஒருவர் பெயரில். அவர் தங்கமான மனிதர், ஊரில் எல்லோரும் அவரை நம்பித்தான் பணம் போட்டார்கள். எழுத்து எதுவும் வேண்டாம் என்றார்கள். ஒன்றரை வருஷம் நன்றாக ஓடியது. அவர் மாரடைப்பில் போய்விட்டார். அவருடைய சொந்தக்காரர் வேனை விற்றுவிட்டார், கேட்டதற்கு உங்கள் பெயர் எதில் இருக்கிறது என்றார். அப்பா இன்றைக்கும் அந்த மனிதரைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்ல மாட்டார். மனுஷன் இருந்திருந்தால் இப்படி நடந்திருக்காது என்பார்.

வ.உ.சி.யின் கதை இதற்குத் தலைகீழ். அங்கே காகிதம் எல்லாம் சரியாக இருந்தது. பதிவு, பங்கு, டைரக்டர் கூட்டம், வக்கீல் எல்லாம் இருந்தது. மனுஷன் மட்டும் இல்லை. எங்கள் வேனுக்கு மனுஷன் இருந்தும் காகிதம் இல்லை. வ.உ.சி. சேர்த்து வைத்த பழக்கம், நம்பிக்கை எல்லாம் அவர் ஒருத்தர் தோளில் தொங்கியது. கம்பெனியின் பெயருக்கு அது மாறவே இல்லை. அவரைத் தூக்கி உள்ளே வைத்ததும் கொழும்புத் துறைமுகத்தில் அந்தக் கம்பெனிக்கு முகமே இல்லாமல் போனது. வெறும் சட்டமும் நஷ்டக் கணக்கும்தான் மிச்சம். வெள்ளைக்காரனுக்கும் இது தெரிந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். இரண்டு கப்பலை மூழ்கடிப்பதைவிட ஒருவரைப் பூட்டுவது சுலபம்.

1912 டிசம்பரில் விடுதலையானார். வரவேற்கக் கூட்டம் இல்லை. சுப்பிரமணிய சிவாவும் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரும்தான் வந்திருந்தார்கள். கரையில் கூடிய அந்த ஊர் எங்கே போச்சு? வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது. சென்னையில் சின்னச் சின்ன வியாபாரம் செய்து பார்த்தார், ஓடவில்லை. தென்னாப்பிரிக்காவில் இருந்த நம் ஜனங்கள் அவருக்கென்று சேர்த்த பணம் 347 ரூபாய் சொச்சம் காந்தியடிகள் வழியாக வர வேண்டியிருந்தது. அது அவர் கைக்கு வந்து சேர 1916 ஆகிவிட்டது. நடுவில் காந்திக்கும் அவருக்கும் எத்தனை கடிதங்கள்! கொடுத்தவர்கள் யார் யார் என்ற பட்டியல் தேடித்தான் தாமதம். கடல் தாண்டி அன்பு இருந்தது, கணக்கு இல்லை.

பின்னாளில் வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி சன்னதைத் திரும்பக் கிடைக்கச் செய்தார். அந்த நன்றிக்காகத் தன் கடைசி மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி. வெள்ளைக்காரனோடு கடலில் போட்டி போட்டவர் செய்த காரியம் இது! கோவில்பட்டியில் வக்கீல் வேலை பார்த்தார். 1932-ல் தூத்துக்குடிக்கே திரும்பினார். இடையில் திருக்குறளுக்கு மணக்குடவர் உரை, தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் உரை என்று பதிப்பித்தார். தமிழ்த்துறை நண்பர்கள் அதைப் பற்றித் தனியாக எழுதட்டும்.

1936 நவம்பர் 18-ஆம் தேதி தூத்துக்குடி காங்கிரஸ் அலுவலகத்தில் உயிர் பிரிந்தது. சாவதற்குச் சில நாள் முன்னால் ஓர் உயில் எழுதச் சொன்னார். அதில் சொத்தைவிடக் கடன்தான் பேசுகிறது. எந்தக் கடைக்கு எவ்வளவு பாக்கி, யாருக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்லி எழுத வைத்திருக்கிறார். 10 லட்சம் ரூபாய்க் கம்பெனியை எழுப்பியவர், கடைசியில் கடைப் பாக்கியைக் கூட மறக்காமல் காகிதத்தில் ஏற்றிவிட்டுப் போனார். 2011-ல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள்.

நானும் எங்கள் வகுப்பு நண்பர்கள் மூவரும் படிப்பு முடிந்ததும் சின்னதாக ஒரு லேத் பட்டறை போடலாம் என்று பேசிவைத்திருக்கிறோம். பம்பு உதிரிபாகம் செய்து, முடிந்தால் கொழும்புக்கும் அனுப்பலாம் என்று பெரிய கனவு! அங்கே ஒரு நண்பனின் மாமா இருக்கிறார். போன வாரம் ஹாஸ்டல் மொட்டை மாடியில் உட்கார்ந்து, யார் எவ்வளவு போடுவது, ஒருவர் விலகினால் என்ன, மாமாவிடம் பேசுவது ஒருவர் மட்டுமா நாலு பேருமா என்று ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தோம். மூன்றாவது கேள்வியிலேயே சண்டை வந்துவிட்டது. நோட்டு இப்போது என்னிடம்தான் இருக்கிறது. சனிக்கிழமை மறுபடி உட்காரப் போகிறோம்.